சிங்கமில்லாத கொடி

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். குடியரசு, முடியரசு, பாராளுமன்ற முறை, ஜனாதிபதி முறை எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் நான் அறிந்த நாடுகள் அத்தனையும் கரும்பலகையில்தான் இருந்தன. கடல் கடந்தது ஒரேயொரு தடவை, சிதம்பரத்துக்கு. சொந்த நாட்டுப் பாராளுமன்றத்தையே வாவிக்கு இந்தப் பக்கம் பஸ்ஸில் இருந்தபடிதான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் பஸ்காரன் ஓடுகிற ஓட்டத்துக்குக் கூரையைப் பார்த்தால் தூணைப் பார்க்க நேரம் காணாது.

பின்லாந்துக்குப் போக நேர்ந்தது என் தம்பி குகன் அங்கே செத்துப்போனதால். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. நாற்பத்துநாலு வயது, மாரடைப்பு. ஆசுபத்திரியில் இரவுத் துப்புரவு வேலை முடித்துக்கொண்டு வருகிற வழியில், பஸ் தரிப்பிடத்து வாங்கில் இருந்தபடியே போய்விட்டான். எண்பத்துமூன்று கலவரத்தில் கொட்டாஞ்சேனையில் எங்கள் கடை எரிந்த பிறகு கப்பலேறியவன். அதன்பின் நாங்கள் அவன் முகத்தைக் காணவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் குரல் மட்டும் வரும். கலியாணமும் கட்டவில்லை. கேட்டால், "எனக்கு இஞ்ச எல்லாரும் இருக்கினம் அக்கா, நீங்கள் யோசியாதேங்கோ" என்பான். அந்த 'எல்லாரும்' ஆர் ஆர் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அம்மாவுக்கு வயது எழுபத்தைந்து. எங்கள் தொடர்மாடியில் படி இறங்கினால் திரும்பி ஏறமாட்டார். நான் வெளிக்கிட்ட அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவனுக்கு அங்க ஆரும் இருந்தவையோ, இல்லாட்டி அநாதையாத்தான் கிடந்தவனோ எண்டு பாத்துக்கொண்டு வா. என்னைத் தேத்திறதுக்காகப் பொய் மட்டும் சொல்லாத."

ஹெல்சிங்கி விமான நிலையத்தில் என்னை எதிர்கொண்டவர் மோகன், தம்பியின் சிநேகிதர். ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, தெமட்டகொடையில் வளர்ந்து, இப்போது ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. என்னைப் பார்த்ததும் கண் கலங்கினார். பிறகு என் கையைப் பார்த்துச் சிரித்தார். கடவுச்சீட்டையும் தேசிய அடையாள அட்டையையும் ஒன்றாகப் பிடித்தபடியே நான் வெளியே வந்து நின்றிருக்கிறேன்.

"அக்கா, இனிமே யாரும் கேக்க மாட்டாங்க. பையில வைங்க."

வைத்தேன். ஆனால் பையின் ஸிப்பைப் பூட்டவில்லை.

தம்பியின் வீடு நகரத்துக்குச் சற்று வெளியே, மஞ்சள் நிறத்தில் நாலு மாடிக் கட்டிடம். முற்றத்தில் வெள்ளைத் தோல் உரிகிற பேர்ச் மரங்கள். நடுவில் வெறுமையாக ஓர் உயரமான கொடிக்கம்பம். வீட்டுக்குள் ஓர் அறை, ஒரு குசினி. ஒரு கதிரை, ஒரு தலையணை. குசினி அலுமாரியில் மிளகாய்த்தூள் போத்தல் மட்டும் மூன்று. "அவரு வீட்டுக்கு நான் அதிகமா வந்ததில்லக்கா. எனக்கு வீடு அந்தக் கோடி. டவுன்லதான் சந்திப்போம்" என்றார் மோகன். அப்படியென்றால் இந்தக் கட்டிடத்தில் ஆர் இருந்தார்கள் இவனுக்கு?

அடுத்த நாள் லிஃப்டில் ஒரு கிழவர் ஏறினார். நெடிய மனிதர், முகம் கற்பாறை. "குட் மோர்னிங்" என்றேன். அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். நான் இறங்குமட்டும் சப்பாத்தைத்தான் பார்த்தார். கீழ்வீட்டுக் கதவு ஒன்று நாலு விரல் அகலம் திறந்து, ஒரு நரைத்தலை என்னைப் பார்த்துவிட்டு மெல்லச் சாத்திக்கொண்டது. வெள்ளவத்தையில் என்றால் இந்நேரம் மேல்வீட்டார் கோப்பிச் சட்டியோடும் பக்கத்து வீட்டார் பாயோடும் வந்திருப்பார்கள், வேண்டாம் என்றாலும் போகமாட்டார்கள். இங்கே செத்தவீட்டுக்காரி ஒருத்தி வந்திருக்கிறாள், எட்டிப் பார்க்க நாதியில்லை. விறைத்த சனங்கள் என்று மனதுக்குள் திட்டினேன். அம்மாவுக்குச் சொல்லப்போகிற பதில் அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது போல இருந்தது.

இந்த நாட்டில் செத்தவீடு அடுத்த நாளே முடிகிற காரியமில்லை. பிரேதம் இரண்டு மூன்று கிழமை காத்திருக்கும். குகனுடையது வெள்ளிக்கிழமை என்று வைத்திருந்தார்கள். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. துக்கம் ஒரு பக்கம் இருந்தாலும் கண் சும்மா இருக்காதே.

ஞாயிற்றுக்கிழமை காலை யன்னல் சீலையை விலக்கினால், ஊர் முழுக்கக் கொடி. எதிர்க் கட்டிடத்தில், அதற்கு அடுத்ததில், தூரத்தில் தெரிந்த சிறுவீடுகளின் முற்றங்களில் எல்லாம் வெள்ளைச் சீலையில் நீலச் சிலுவை. எங்கள் முற்றத்துக் கம்பத்தில் மட்டும் ஒன்றுமில்லை. மோகனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இண்டைக்கு என்ன, சுதந்திர தினமோ?"

"இல்லக்கா, அம்மாங்க தினம்."

"அம்மாமாருக்கு அரசாங்கம் கொடி ஏத்துமோ?"

"ஏத்தும். காலண்டர்லயே போட்டிருக்கும்."

"அப்ப எங்கட கட்டிடத்தில ஏன் இல்லை? ஆரும் வந்து கேக்க மாட்டினமோ?"

மோகன் சிரித்தார். "யாரு வந்து கேக்கப்போறா? மறந்திருப்பாங்க."

அவருக்குச் சிரிப்பு. எனக்கு அப்பாவின் ஞாபகம். கொட்டாஞ்சேனையில் அப்பாவின் இரும்புக்கடையில் பெப்ரவரி நாலாம் திகதி என்றால் விடியமுன்னம் கொடி ஏறவேண்டும். ஏணியில் ஏறுகிறவன் குகன். அப்பா கீழே நின்றுகொண்டு, "சிங்கம் நேரா நிக்குதோ பார், முடிச்சை இறுக்கு, காத்துக்கு அவிழ்ந்து விழுந்தால் கதை கந்தல்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவார். நாட்டுப்பற்று என்று சொல்லமாட்டேன். ஏற்றாவிட்டால் ஏன் ஏற்றவில்லை என்று கேட்பார்கள் என்கிற பயம். எண்பத்துமூன்று ஆடியில் கொடி ஏற்றின கடையும் எரிந்தது, ஏற்றாத கடையும் எரிந்தது. அப்பா அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை.

பின்னேரம் மோகன் வந்து என்னை நகரத்துக்குக் கூட்டிப் போனார். அமைச்சுக் கட்டிடங்களில் பறந்த கொடியைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றேன். சிலுவையின் நடுவில் ஒரு சிங்கம், கையில் வாளோடு.

"மோகன், இதென்ன, நாங்கள் விட்டுப்போட்டு வந்தது இஞ்சயும் நிக்குது."

எங்கள் சிங்கம் நாலு காலும் உள்ள மிருகமாக நின்று ஒரு காலில் வாள் பிடிக்கும். இது பின்னங்காலில் எழும்பி நிற்கிறது. வாள் பிடித்த கைக்கு இரும்புக் கவசம், காலுக்குக் கீழே ஒரு வளைந்த வாள், சுற்றிவர ஒன்பது ரோசாப்பூ. எங்கள் நாட்டுக் காட்டிலும் சிங்கமில்லை, இங்கேயும் இல்லை. இங்கே காட்டில் இருப்பது கரடி, அதுதான் தேசிய மிருகமாம். ஐம்பது பென்னிக் காசில் கரடி நிற்கிறது, ஒரு மார்க் காசில் சிங்கம் நிற்கிறது. காட்டுக்கொன்று, அரசாங்கத்துக்கொன்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

"அப்ப காலமை நான் கண்ட கொடியளில சிங்கம் இல்லையே?"

"அது வீட்டுக் கொடிக்கா. சிங்கம் வச்சது அரசாங்கத்துக்கு மட்டும்தான். சனங்க ஏத்துறதுல சிலுவை மட்டும்."

சனத்தின் கொடியில் வாள் கிடையாது. இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் வாசித்ததில்லை. ஊருக்குப் போனதும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, இப்போது சொல்லாமல் இருப்பதே நல்லது என்றும் நினைத்துக்கொண்டேன். ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்த கையோடு நான் வந்திருந்தேன். கொழும்பில் ஆர் எதைச் சொன்னாலும் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்லுகிற நாட்கள் அவை.

திங்கட்கிழமை தனியே வெளிக்கிட்டேன். கடலோரச் சந்தைக்கு நேரெதிரே ஜனாதிபதி மாளிகை. நேரெதிரே என்றால், நான் ஒரு கடதாசித் தட்டில் பொரித்த மீன் வாங்கிக்கொண்டு திரும்பினால் மாளிகையின் யன்னல் தெரிகிறது. வாசலில் இரண்டு காவற்காரர். மணல் மூட்டை இல்லை, முட்கம்பி இல்லை. இங்கேயும் எங்களைப் போலப் பெண் ஜனாதிபதிதான். மீனைப் பற்றியும் சொல்லவேண்டும். விரல் நீளத்தில், மாவில் பிரட்டி, தலையோடு மொறுமொறு என்று பொரித்தது. எங்கள் நெத்தலிக்கு அக்கா முறை. ஒரு பச்சை மிளகாய் இருந்திருந்தால் அந்த நாட்டில் எனக்கு வேறு ஒரு குறையும் இருந்திராது. கம்பு மாவு போன்ற கறுத்த மாவில் தோணி மாதிரிச் செய்து அதற்குள் சோற்றுக் கஞ்சியை வைத்துச் சுட்ட ஒரு பண்டமும் தின்றேன். சோற்றை ரொட்டிக்குள் வைத்துத் தின்கிற சனத்தை நான் அன்றைக்குத்தான் கண்டேன். கடைக்காரி சும்மா தந்த கறுத்த இனிப்பு ஒன்றை வாயில் போட்டதும் கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது. நவச்சாரமும் உப்பும். அவள் முன்னால் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அதோடு ட்ராமில் ஏறினேன். அது சுற்றிச் சுற்றி ஓடுகிற ட்ராம் என்று எனக்குத் தெரியாது. இறங்கவேண்டிய இடம் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தால், திரும்பவும் அதே சந்தை, அதே மாளிகை. டிக்கட் பரிசோதகர் ஒருவர் ஏறினார். சீருடையைக் கண்டதும் என் கை தானாகவே கடவுச்சீட்டை எடுத்து நீட்டிவிட்டது. அவர் அதை மரியாதையோடு திறந்து படத்தைப் பார்த்து, என்னையும் பார்த்து, ஆங்கிலத்தில், "நல்ல படம். டிக்கட் இருக்கிறதா?" என்றார். பக்கத்தில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். "நீங்கள் இரண்டாம் முறை சுற்றுகிறீர்கள், பிடித்திருக்கிறதா?" என்று கேட்டாள். பிடித்துத்தான் இருந்தது, ஆனால் வெட்கமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை பாராளுமன்றம். மோகன் லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். சிவந்த கருங்கல்லில் பெரிய கட்டிடம், முன்னால் உயரமான தூண்கள், அகலமான படிகள். படிகளில் இளம் பிள்ளைகள் இருந்து ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டிருந்தார்கள். போவதற்கு முன் வீதியைக் கடக்கக் காத்துநின்றோம். வாகனமே இல்லை, ஆனாலும் சிவப்பு மனிதன் எரிகிறான் என்று எல்லாரும் நிற்கிறார்கள். "அக்கா, உங்க பக்கத்துல நிக்கிறவரு மந்திரி" என்று மோகன் காதில் சொன்னார். பார்த்தேன். மழைக்கோட்டுப் போட்ட ஒரு மனிதர், கையில் வாழைப்பழம். பச்சை எரிந்ததும் எங்களோடு சேர்ந்து கடந்தார்.

பார்வையாளர் மாடத்தில் இருந்து கேள்வி நேரம் பார்த்தோம். இருநூறு கதிரை. ஒருவர் எழும்பி முதியோர் இல்லங்களைப் பற்றிக் கேட்டார், அமைச்சர் எழும்பிப் பதில் சொன்னார், கேட்டவர் தலையாட்டிவிட்டு இருந்தார். ஒரு கூச்சல் இல்லை, ஒரு கைநீட்டல் இல்லை. பாராளுமன்றமோ வாசிகசாலையோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்த வசந்தத்தில்தான் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து, ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்துப் பாராளுமன்றத்துக்கும் பிரதமருக்கும் கொடுத்திருக்கிறார்களாம். எங்கள் ஊரில் ஒவ்வொரு தேர்தலிலும் அதைச் சொல்லுவார்கள். நான் ஒவ்வொரு வருடமும் அதை வகுப்பில் ஒரு கேள்வியாகக் கொடுப்பேன். சொன்னதைச் செய்துவிட்டு, ஆரவாரமில்லாமல் முதியோர் இல்லத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிற சபையை நேரில் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

வெளியே வந்து படியில் இருந்தோம். மோகன் சொன்னார்: "குகன் அண்ணன் நகரசபைத் தேர்தல்ல ஓட்டுப் போட்டாருக்கா."

"அவன் பிரசாவுரிமை எடுக்கேல்லையே?"

"தேவையில்ல. ரெண்டு வருசம் இங்க குடியிருந்தா நகரசபைக்குப் போடலாம். நானும் போட்டேன்." படியில் கிடந்த ஐஸ்கிறீம் குச்சி ஒன்றை எடுத்து முறித்தார். "எங்க அப்பா தோட்டத்துலயே பொறந்து, தோட்டத்துலயே செத்தாரு. ஒரு தடவகூட ஓட்டுப் போட்டதில்ல. நாடில்லாதவங்கன்னு எழுதி வச்சிருந்தாங்க. நான் மொத ஓட்டுப் போட்டது, பாஷை தெரியாத ஊர்ல."

மலையகத்தாரின் பிரசாவுரிமைச் சட்டத்தைப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கத்தில் சொல்லி முடித்துவிடுவேன். படியில் இருந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பிக்கு ஓட்டு இருந்தது, சரி. ஆள் இருந்ததோ? ஆறு நாள் அந்தக் கட்டிடத்தில் இருந்துவிட்டேன், ஒருவரும் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நாளைக்குப் பிரேதத்துக்குப் பக்கத்தில் நானும் மோகனும் மட்டும்தான் நிற்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணியளவில் முற்றத்தில் ஏதோ கரகரத்தது. யன்னலால் பார்த்தேன். லிஃப்ட் கிழவரும் கீழ்வீட்டு நரைத்தலைப் பெண்ணும் கொடிக்கம்பத்தடியில் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார்கள். கொடி உச்சிக்குப் போனது. சரி, இன்றைக்கு அப்பாமார் தினமாக்கும் என்று நினைத்தேன். போன கொடி மெல்ல இறங்கி, அரைக்கம்பத்தில் நின்றது.

எங்கள் ஊரில் குண்டுகள் தலைவர்களைத் தேடித் திரிந்த காலம் அது. கொடி அரைக்கம்பத்தில் என்றால் ஆரோ பெரிய ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். அடுத்தது ஊரடங்கு. அடுத்தது சுற்றிவளைப்பு, லொட்ஜ் லொட்ஜாகக் கதவு தட்டல். ஜனாதிபதி அம்மாவுக்கு ஏதோ நடந்துவிட்டது. ஒரு காவலும் இல்லாமல் மீன்கடைக்கு முன்னால் இருந்தால் வேறென்ன நடக்கும்? எனக்குத் துக்கமும் வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. என் தம்பியின் செத்தவீட்டு நாளில்தானோ இது நடக்கவேண்டும்?

என்ன செய்யவேண்டும் என்று யோசிக்கத் தேவை இருக்கவில்லை. கொழும்புக்காரிக்கு அது கைப்பழக்கம். கதவைப் பூட்டினேன். தாச்சி, கேத்தில், சட்டி, தம்பியின் மீன் பொரிக்கிற இரும்புத் தட்டு எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தேன். கடவுச்சீட்டு, அடையாள அட்டை, விமான டிக்கட் மூன்றையும் கைப்பையில் போட்டேன். ரெலிவிஷனைப் போட்டால் ஒரு மனிதர் தக்காளிக் கன்று நடுவது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தார். அறிவித்தல் வருமுன் இப்படித்தான் ஏதாவது போட்டு ஒப்பேற்றுவார்கள். கடைசியாக, தமிழ் என்று முகத்தில் தெரியாமல் இருக்கக் கண்ணாடிக்கு முன்னால் போய்ப் பொட்டை அழித்தேன்.

மணி அடித்தது. நான் மூச்சுக் காட்டவில்லை.

"அக்கா, நான் மோகன்."

திறந்தேன். கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார், நிலமெல்லாம் நிரப்பி வைத்திருந்த சட்டிகளைப் பார்த்தார்.

"என்னக்கா இது? பொட்டு எங்க?"

"மோகன், கதவைச் சாத்துங்கோ. வெளியில நிலைமை எப்பிடி? ஜனாதிபதியோ, பிரதமரோ?"

"என்னது?"

"கொடி அரைக்கம்பத்தில நிக்குது, காணேல்லையோ? ஆர் செத்தது?"

மோகன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அது குகன் அண்ணனுக்கு."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? அது நாட்டுக் கொடி."

"நாட்டுக் கொடிதான். கீழ அவங்கதான் சொன்னாங்க. எனக்கே தெரியாது. நீங்க வந்து கேளுங்க."

படியால்தான் இறங்கினேன், லிஃப்டுக்கு நிற்கப் பொறுமை இருக்கவில்லை. கிழவர் இன்னமும் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். நரைத்தலைப் பெண் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் கதைத்தார். அவர் பெயர் ஐலா, கிழவர் பெண்ட்டி. மோகன் ஒவ்வொரு வசனமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

இந்த நாட்டில் ஒரு கட்டிடத்தில் குடியிருக்கிறவர் இறந்தால், அந்தக் கட்டிடத்தின் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். இறந்த செய்தி வந்த அன்றும் பறக்கும், அடக்கத்தன்றும் பறக்கும். இறந்தவர் மந்திரியோ துப்புரவு செய்கிறவரோ, பிரசையோ இல்லையோ, அதெல்லாம் கணக்கில்லை. இங்கே குடியிருந்தால் போதும்.

"எங்களை மன்னிக்கவேண்டும், கொடி சரிந்து நிற்கிறது" என்றார் பெண்ட்டி. அப்போதும் தன் சப்பாத்தைத்தான் பார்த்தார். "முடிச்சு எங்களுக்குச் சரியாக வருவதில்லை. எட்டு வருடமாக இந்தக் கட்டிடத்துக்குக் கொடி ஏற்றியது குகன். அவர் போன பிறகு அம்மாக்கள் தினத்துக்குக்கூட ஒருவருக்கும் கை வரவில்லை."

நிமிர்ந்து பார்த்தேன். கீழ் முடிச்சு நழுவி, கொடி ஒரு பக்கமாகச் சரிந்துதான் நின்றது.

ஐலா சொன்னார்: "அவர் இங்கே வந்த புதிதில் பெண்ட்டி கயிற்றோடு கஷ்டப்படுவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து வாங்கிக் கட்டினார். அதோடு அந்த வேலை அவருடையதாகிவிட்டது. இரவு வேலை முடிந்து வந்து, கொடி ஏற்றிவிட்டுத்தான் படுப்பார். ஒருநாள் என்னிடம் கேட்டார், ஏற்றாவிட்டால் என்ன நடக்கும் என்று. ஒன்றும் நடக்காது என்றேன். அவர் நம்பவில்லை. அடுத்த வருடமும் கேட்டார். அதற்கடுத்த வருடம்தான் நம்பினார். நம்பிய பிறகும் ஏற்றினார்."

நான் அழுதேன். அந்த முற்றத்தில், ஊர் பேர் தெரியாத இரண்டு கிழடுகளுக்கு முன்னால், விக்கி விக்கி அழுதேன். அழுகை கொஞ்சம் அடங்கினதும் கோபத்தோடு கேட்டேன், "அப்ப ஏன் ஆறு நாளா ஒருத்தரும் என்னோட கதைக்கேல்லை?"

ஐலாவுக்கு அது விளங்கவே நேரமெடுத்தது. "துக்கத்தில் இருக்கிறவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எல்லாரும் கவனமாக இருந்தோம்" என்றார். எங்கள் ஆட்கள் துக்கவீட்டில் தனியே இருக்க விடமாட்டார்கள், இவர்கள் தனியே இருக்க விடுகிறார்கள். இரண்டுக்கும் பெயர் மரியாதைதான் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. மேலே போய் முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன்.

தேவாலயத்தோடு சேராத ஒரு சிறு மண்டபத்தில் கிரியை. நானும் மோகனும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், மண்டபத்தில் கதிரை போதவில்லை. கட்டிடத்தில் இருந்தவர்கள், ஆசுபத்திரித் தாதிமார், ஒரு பஸ் சாரதிகூட. நான் எனக்குத் தெரிந்த தேவாரத்தைப் பாடினேன். அவர்களுடைய வழக்கம் வேறு. ஒவ்வொருவராகப் பூவோடு வந்து, பெட்டியில் வைத்து, பூவில் கட்டியிருக்கிற சிறு அட்டையைச் சத்தமாக வாசித்துவிட்டு, தலை குனிந்துவிட்டுப் போகவேண்டும். பெண்ட்டியின் முறை வந்தபோது மோகன் எனக்குக் காதில் சொன்னார். "விடியக்காலையில் உங்கள் சப்பாத்துச் சத்தம் கேட்டுத்தான் நான் எழும்புவேன். இப்போது பிந்தி எழும்புகிறேன். நன்றி, குகன்." அவ்வளவுதான். எட்டு வருடமாக அந்த இரண்டு பேரும் லிஃப்டில் ஒரு வார்த்தை கதைத்திருக்கமாட்டார்கள் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஐலா வீட்டில் கோப்பி, மீன் வைத்த பான் துண்டு, கேக். கோப்பி மட்டும் ஆளுக்கு மூன்று நாலு தடவை ஓடியது. எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது வெயில் இன்னும் நல்ல வெளிச்சமாக இருந்தது. பெண்ட்டி கயிற்றை அவிழ்த்து, அதை என்னிடம் நீட்டினார்.

எத்தனையோ வருடமாகக் கொடிகளைப் பற்றிப் படிப்பித்தவள், ஒரு நாட்டின் கொடிக்கயிறு கையில் வந்தது அதுதான் முதல் தடவை. கீழே இழுக்கப் போனேன். பெண்ட்டி அவசரமாகக் கையை நீட்டித் தடுத்து, விரலால் மேலே காட்டினார். அரைக்கம்பத்தில் இருக்கிற கொடியை நேரே இறக்கக்கூடாதாம். முதலில் உச்சிக்குப் போகவேண்டும், அதற்குப் பிறகுதான் இறங்கவேண்டும். இழுத்தேன். கொடி பேர்ச் மரங்களுக்கு மேலே போய், உச்சியில் காற்றுப் பிடித்து விரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். பெண்ட்டி அவசரப்படுத்தவில்லை. பிறகு மெல்ல இறக்கினேன். நிலத்தில் படாமல் நாலு பேர் பிடித்து மடித்தோம்.

அன்றிரவு அம்மாவோடு தொலைபேசியில் கதைத்தபோது, "வந்து சொல்லுறன்" என்று மட்டும் சொன்னேன். கம்பிவழியாகச் சொல்லுகிற விஷயமாக அது எனக்குத் தெரியவில்லை.

தகனம் முடிந்து சாம்பல் கையில் கிடைத்த பிறகுதான் ஊருக்கு வெளிக்கிட்டேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து வருகிற வழியில் சோதனைச் சாவடியில் வான் நின்றது. மடியில் இருந்த பாத்திரத்தைக் கையில் வாங்கி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான் ஓர் இளம் சிப்பாய். "மகே மல்லி" என்றேன், என் தம்பி என்று. அவன் மூடியைத் திறக்கவில்லை. இரண்டு கையாலும் திருப்பித் தந்துவிட்டு, வானைப் போகச் சொன்னான்.

அம்மா கதவடியிலேயே கதிரை போட்டு இருந்தார். பாத்திரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டிகளில் தண்ணீர் பிடித்து வைத்ததையும் ஒளிக்கவில்லை.

"ஆற்ற கொடி?"

"அந்த நாட்டுக் கொடியம்மா. வெள்ளையில நீலம்."

"சிங்கம் இல்லையோ?"

"இல்லை. சனத்தின்ர வீடுகளில சிங்கமில்லாத கொடிதான்."

"குகனுக்கெண்டே ஏத்தினவையோ? பொய் சொல்லேல்லையே?"

"சத்தியமா அம்மா. மேல்வீட்டுக் கிழவர்தான் கட்டினவர். பாவம், முடிச்சுப் போடத் தெரியாமல் கொடி சரிஞ்சுபோய் நிண்டது."

அம்மா பாத்திரத்தின் மூடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். கோல் றோட்டில் ஒரு பஸ் நெடுநேரம் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"அவனெண்டால் இறுக்கிக் கட்டியிருப்பான்" என்றார் அம்மா.